தங்கப் பூட்டும் மொட்டை சைக்கிளும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

  

அக்கா எல்லாம் சொன்னாள். என் சைக்கிள் பூட்டின் விலையைக் கேட்டதிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்களாம். கால் கிலோ ஆணி வாங்க வந்தவரைக்கூட விடவில்லையாம். "ஒரு பூட்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேலயா? அந்தக் காசுக்கு இங்க சைக்கிளையே வாங்கி, பூட்டாம விட்டிருக்கலாமே" என்றீர்களாம். நியாயம்தான். 90 பவுண்டு மாமா. ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற பழக்கத்தை நான் விட்டாயிற்று. பெருக்கினால் இங்கே டீ குடிக்கவே தைரியம் வராது. திண்டுக்கல் ரத வீதியில் பூட்டுக் கடை வைத்திருக்கிறவரின் மச்சினன், சீமைக்குப் போய்க் காசு கொடுத்துப் பூட்டு வாங்கினான் என்பது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்பதும் புரிகிறது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டு முடிக்காமல் விவரமாக எழுதுகிறேன்.

பழைய பூட்டு செத்துப்போனது மாமா. கொலை. செய்தது என்னோடு தங்கியிருக்கும் கும்பகோணத்துப் பையன். குளிர் காலத்தில் இங்கே ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்துப் பூட்டு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. நான் குளிக்கப் போயிருந்த நேரம், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவன் சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட்டான். வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவனுக்கு ஒரே பெருமை. மறுநாள் ஆபீஸ் வாசலில் பூட்டிவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வெளியே இரண்டு டிகிரி. எண்ணெய் உள்ளே உறைந்து மெழுகாகிக் கிடக்கிறது. சாவி பாதி போய் நின்றுவிட்டது. ஊதினேன். உள்ளங்கையில் பொத்தினேன். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் லைட்டர் வாங்கிச் சூடு காட்டினேன். கடைசியில் சாவி உள்ளேயே முறிந்தது.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. பென்சில் தூளைப் போட வேண்டும், தேங்காய் எண்ணெயைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது என்பீர்கள். அவனிடம் சொன்னேன். "எங்க ஊர்ல பாத்திரம்தாண்ணே, பூட்டெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்டு" என்று விட்டான்.

சனிக்கிழமை, பேட்டரியில் ஓடுகிற கட்டிங் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். யாராவது பிடித்துக் கேட்டால் காட்டுவதற்காக சைக்கிள் வாங்கின பில், பாஸ்போர்ட், ஆபீஸ் அடையாள அட்டை, முறிந்த சாவியின் மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். மனசுக்குள் ஆங்கிலத்தில் விளக்க உரையும் தயார். மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடுப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில், பூட்டில் மெஷினை வைத்தேன். கடையில் நீங்கள் ராடு அறுக்கும்போது நாலு கடை தள்ளி இருக்கிறவர்கூடக் காதைப் பொத்துவாரே, அதே சத்தம். பொறி என் பூட்ஸ் வரை பறக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் பொறி படாமல் சுற்றிக்கொண்டு போனாள். காபிக் கோப்பையோடு இரண்டு பேர் பேச்சை நிறுத்தாமலே கடந்து போனார்கள். ஒரு பெரியவர் நின்றார். ஆஹா, கேட்கப் போகிறார் என்று மெஷினை நிறுத்திவிட்டு உறையை எடுத்தேன். "கண்ணாடி போட்டுக்கொண்டு செய், கண்ணில் பட்டுவிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குள் இன்னொருவர் சைக்கிளோடு வந்து பக்கத்தில் நின்றார். அவராவது கேட்பார் என்று பார்த்தால், "நீங்கள் முடித்ததும் இந்த இடம் காலியாகுமா?" என்றார். பூட்டு இரண்டாக அறுந்து விழ இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் உறையை யாரும் திறக்கச் சொல்லவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. நம் ரத வீதியில் இதைச் செய்துவிட முடியுமா மாமா? மெஷினைப் பையிலிருந்து எடுப்பதற்குள் எதிர்த்த டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்துவிடுவார்கள். யாருப்பா நீ, யார் வண்டி இது, அவர் எங்கே போயிருக்கார், போன் போட்டுக் குடு என்று ஆரம்பித்தால் திருடன் பதில் சொல்லிச் சொல்லியே களைத்து, அங்கேயே ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பான். அந்த நாலு பேர் என்னிடம் மார்க் கேட்டதும், சம்பளம் கேட்டதும், கல்யாணம் எப்போது என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அவர்களில் ஒருத்தரையாவது விசா எடுத்து இங்கே கொண்டுவந்து என் ஆபீஸ் வாசலில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். இங்கே பூட்டுக்குத் தரச் சான்று உண்டு. சோல்டு செக்யூர் என்று ஓர் அமைப்பு; 1992-ல் இங்குள்ள போலீஸ் படைகள் ஆரம்பித்தது, இப்போது பூட்டுத் தொழில் செய்கிறவர்களின் சங்கத்தின் கையில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற பூட்டை உடைத்துப் பார்ப்பதற்கென்றே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். உடைக்கச் சம்பளம்! பூட்டு செய்கிற நல்லாம்பட்டி ஆசாரி கேள்விப்பட்டால் கடையை மூடிவிட்டு விண்ணப்பம் போடுவார். சுலபமாகப் போகிற பூட்டுக்கு வெண்கலம், அதற்கு மேல் வெள்ளி, தங்கம், வைரம். செத்துப்போனது வெள்ளி. இப்போது வாங்கியிருப்பது தங்கம். கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம், யு வடிவத்தில் விரல் தடிமன் இரும்பு. வைரத்துக்கு ஆசைதான், கட்டிங் மெஷினின் சக்கரத்தையே தேய்த்துத் தீர்த்துவிடுகிற பூட்டெல்லாம் வந்திருக்கிறது. ஆனால் விலை இன்னும் அதிகம். அதை வாங்கினால் பூட்டைப் பூட்ட இன்னொரு பூட்டு வாங்க வேண்டும். (ஒரு யோசனை: நீங்களும் பில்லில் 'தங்கம்' என்று எழுதிப் பாருங்கள். பூட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., தங்கத்துக்கு 3தான். ஆடிட்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

சீமைப் பூட்டு என்றால் பெரிய சங்கதி என்று நினைக்காதீர்கள். 2004-ல் அமெரிக்காவில் நடந்த கூத்தை உங்களுக்காகவே எழுதுகிறேன். கிரிப்டோனைட் என்று உலகமெல்லாம் பேர் வாங்கின யு பூட்டு. அதன் வட்டச் சாவித் துவாரத்தில் சாதாரண பிக் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் திணித்துத் திருகித் திறந்துவிட்டார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவி, கம்பெனி லட்சக்கணக்கான பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தது. நம் ஊர் மாங்காய்ப் பூட்டை எவனாவது பேனாவால் திறக்கட்டும் பார்க்கலாம்! 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். தப்புச் சாவி போட்டால் மணியடிக்கிற பூட்டெல்லாம் எங்கள் ஊரில் செய்தார்கள் என்று கொஞ்சம் சேர்த்தே அளந்தேன். இங்கே மணியடித்தால் மட்டும் யார் திரும்பப் போகிறார்கள்!

இனிமேல்தான் சமாசாரமே. என் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது: சைக்கிளை 'அசைக்க முடியாத பொருள்' ஒன்றோடு சேர்த்துப் பூட்டியிருந்தால்தான் பணம் தருவார்கள். படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரிந்தது. தெருவில் இறங்கித் தேடினால்தான் லண்டனில் அசையாத பொருள் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகமே வருகிறது.

முதலில் கம்பம். உச்சியில் பலகை இல்லாத மொட்டைக் கம்பம் என்றால், திருடன் சைக்கிளைப் பூட்டோடு சேர்த்து மேலே தூக்கிக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். பலகை இருந்தாலும் சமயத்தில் அது இரண்டே போல்ட்டில் நிற்கும். ஸ்பேனரோடு வந்தால் தீர்ந்தது. அப்புறம் மரம். மரம் அசையாத பொருளா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். "எவ்வளவு பெரிய மரம்?" என்றாள் போனை எடுத்த பெண். என் தொடை அளவு இருக்கும் என்றேன். உங்கள் தொடை எவ்வளவு என்று கேட்கப் போகிறாளோ என்று பயந்தேன், நல்லவேளை, கேட்கவில்லை. காற்றடித்தால் கிளை ஆடுகிறதே, அது அசைவில் சேருமா என்று நானே கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று என்னைப் பியானோ சங்கீதத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போனாள். வந்து, மரம் என்றால் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

பிறகு வீட்டு வாசல் இரும்புக் கிராதி. பழைய காலத்து வார்ப்பு இரும்பு, யானையைக் கட்டலாம். ஆனால் கிராதி இருக்கிற இடமெல்லாம் ஒரு பலகையும் இருக்கும்: இந்தக் கம்பிகளில் கட்டிவைக்கும் சைக்கிள்கள் அகற்றப்படும். அகற்றுவது வீட்டுக்காரர். அவரும் கட்டிங் மெஷின்தான் கொண்டுவருவார். கம்பி அசையாமல் இருக்கும், சைக்கிள் போய்விடும். பத்திரத்தின்படி பார்த்தால் அதற்குப் பணம் உண்டா என்று கேட்கத்தான் நினைத்தேன். திரும்ப அந்தப் பியானோவைக் கேட்கத் தெம்பில்லை.

மிச்சம் இருப்பது ஷெஃபீல்டு ஸ்டாண்டு. சைக்கிள் கட்டவே நடைபாதையில் நட்டிருக்கிற கவிழ்ந்த யு குழாய். இதுதான் உத்தமம் என்று போலீஸே சொல்கிறது. அதிலும் ஒரு வில்லங்கம். ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை அடியில் அறுத்து, அறுத்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, மேலே ஒரு விளம்பர ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் காலையில் வந்து தங்கப் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக மேலே போவீர்கள். அவன் சாவகாசமாக வந்து டேப்பை உரித்து, குழாயை விலக்கி, பூட்டு சைக்கிள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொள்வான். அதனால் தினமும் காலையில் என் முதல் வேலை அந்தக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குவது. அப்புறம் குனிந்து அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. ஒன்று அசைந்தால் அடுத்தது. முதலில் ஆபீஸ் செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது நான் வருவதற்குள் அவரே உலுக்கி வைத்து, மூன்றாவது நல்லாயிருக்கு என்று விரலைக் காட்டுகிறார். தினமும் இப்படி ஆட்டி ஆட்டி நானே ஒரு நாள் அதைப் பிடுங்கிவிடுவேனோ, பிடுங்கினால் அசைக்க முடியாத பொருளை அசைத்த குற்றத்துக்குப் பாலிசி ரத்தாகுமோ என்று ஒரு கவலையும் உண்டு. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் நிஜமாகவே அசையாத பொருள் ஒன்றுதான்: ஆபீஸுக்குக் கிட்டே இருக்கிற லண்டன் டவர் கோட்டை. 900 வருஷத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது. ஆனால் என் பூட்டின் வாய் அதற்குப் போதாது.

இவ்வளவும் செய்து என்ன ஆயிற்று கேளுங்கள். போன வாரம் ஆபீஸ் முடிந்து இறங்கி வந்தால் பூட்டு அப்படியே இருக்கிறது. குழாய் அப்படியே இருக்கிறது. சைக்கிளும் அப்படியே இருக்கிறது. சீட் இல்லை! குழாயின் மொட்டை வாய்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சாக்லேட் காகிதம் திணித்திருந்தது. வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். நின்றுகொண்டே மிதித்து வந்தேன் மாமா. சிக்னலில் நிற்கும்போது பழக்க தோஷத்தில் உட்காரப் போய்… அக்காவிடம் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஆக, பூட்டு வேலை செய்கிறதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: பிரமாதமாக வேலை செய்கிறது.

நம் கோஹினூர் வைரத்தை அத்தனை காவலோடு வைத்திருக்கிற கோட்டைக்கு நடக்கிற தூரத்தில், பட்டப்பகலில் என் சீட் போயிற்று என்று புலம்பினேன். ஆபீஸில் ஒருவர் ஆறுதல் சொன்னார். 1671-ல் தாமஸ் பிளட் என்று ஒருவன், பாதிரியார் வேஷம் போட்டு, அதே டவரில் ராஜாவின் கிரீடத்தையே திருடி, சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போனானாம். வாசலில் பிடித்துவிட்டார்கள். இரண்டாம் சார்லஸ் ராஜா அவனைக் கூப்பிட்டு விசாரித்தார், மன்னித்தார், மன்னித்ததோடு நிற்காமல் அயர்லாந்தில் நிலமும் கொடுத்தார். என் சீட்டை எடுத்தவனுக்கும் எங்கேயாவது ரெண்டு ஏக்கர் ஒதுக்கியிருப்பார்கள்.

போலீஸில் புகார் கொடுத்தாயா என்பீர்கள். இன்டர்நெட்டில் கொடுத்தேன். புகாருக்கு ஒரு எண் கிடைத்தது. அந்த எண் இன்ஷூரன்ஸுக்கு உதவும் என்றார்கள். இன்ஷூரன்ஸில் கேட்டால் இவ்வளவு பவுண்டு வரைக்கும் நஷ்டம் உங்கள் பொறுப்பு என்றார்கள். சீட்டின் விலை அந்த 'இவ்வளவு'க்குள் அடங்கிவிட்டது. இதற்கே நான் பாக்கியசாலி. 2025 அக்டோபரில் பி.பி.சி.யில் வந்த செய்தி: ரயில் நிலைய வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்த சைக்கிள் திருடு போனால் ரயில்வே போலீஸ் அதை விசாரிப்பதில்லை என்று வழிமுறையே வைத்திருந்தார்களாம். 200 பவுண்டுக்குக் குறைந்த சைக்கிளானாலும் அப்படியே. அத்தனை மணி நேர கேமரா படத்தை உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது என்பது அவர்கள் கஷ்டம். ஸ்டேஷனில் சைக்கிளை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவன் எவன் மாமா இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருவான்? இதைப் படித்துச் சிரித்துவிட்டு, உடனே கோபம் வந்து, பிறகு மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் வேண்டியிருந்தது.

அம்மா டிவியில் லண்டன் போன் திருடர்களைப் பார்த்துவிட்டுத் தினமும் கூப்பிடுகிறாள். அவள் பார்த்தது பொய்யில்லை. பேட்டரி சைக்கிளில் பின்னாலிருந்து வருவான்; நடைபாதையில் போன் பேசிக்கொண்டு போகிறவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு பறந்துவிடுவான். 2024-ல் மட்டும் லண்டனில் சுமார் 80,000 போன் களவு போயிருக்கிறது. எடுத்த போனை அலுமினியப் பேப்பரில் சுற்றிவிடுகிறார்கள். சிக்னல் வெளியே போகாதாம், இருக்கும் இடம் தெரியாதாம். அந்த வருஷம் கிறிஸ்மஸ் சமயத்தில் ஒரு பெண்மணி தன் போன் ஹீத்ரோ ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு கிடங்கில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே ஹாங்காங்குக்குப் போக இருந்த ஒரு பெட்டியைத் திறந்தால் 894 போன். அந்த அலுமினியப் பேப்பர், நாங்கள் மத்தியானச் சப்பாத்தி சுற்றுகிற அதே பேப்பர். சூப்பர் மார்க்கெட்டில் நான் பெரிய சுருள் ஒன்றை எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்ப்பதாக எனக்கு ஒரு பிரமை. அம்மாவிடம் சொல்லுங்கள்: என் போன் ஹேண்டில்பாரில் இல்லை, சட்டைப்பையிலும் இல்லை, ஜாக்கெட், ஸ்வெட்டர், சட்டை மூன்றுக்கும் உள்ளே பனியன் பையில் இருக்கிறது. அவள் கூப்பிடும்போது நான் எடுக்காததற்குக் காரணமும் அதுதான். எடுப்பதற்குள் நாலு பட்டன் அவிழ்க்க வேண்டும்.

ஓட்டுகிற பாதையையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு வழி உண்டு. ஒன்று கிரீன்வே. 1858-ல் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் பார்லிமென்டே மூக்கைப் பிடித்தபோது, ஜோசப் பேசல்ஜெட் என்ற எஞ்சினியர் ஊர்ச் சாக்கடை முழுவதையும் கிழக்கே தள்ளிக்கொண்டு போகப் பெரிய குழாய்கள் கட்டினார். அந்தக் குழாய்கள் மேல் மண் போட்டு மூடிய கரைதான் பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது. பாதி லண்டனின் கழிவு எனக்குக் கீழே ஓட, நான் மேலே ஜம்மென்று போவேன். வெயில் நாளில் கீழே இருப்பது மேலேயும் தெரியும். ஆனால் இருட்டினால் அங்கே ஆள் அரவம் இருக்காது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இன்னொன்று ஏ13 நெடுஞ்சாலையை ஒட்டி டவர் வரைக்கும் போகிற சைக்கிள் பாதை, 2010-ல் திறந்தது. அங்கே திருடன் பயம் குறைவு. பக்கத்தில் உறுமுகிற லாரிப் புகைதான் தொண்டையை அடைக்கும். காலையில் சாக்கடை மேல், சாயங்காலம் லாரி பக்கம் என்று வைத்திருக்கிறேன்.

கிரீன்வேயில் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்கிற புத்தி: எவன் கைகாட்டினாலும் நிற்காதே. மணி கேட்டாலும், வழி கேட்டாலும் மிதித்துக்கொண்டே இரு. ஊரில் லிஃப்ட் கேட்டவரையெல்லாம் கேரியரில் ஏற்றிக்கொண்டு நாகல் நகர் மேம்பாலம் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினவன் நான். இங்கே அதையும் பழகிக்கொண்டேன். காலை ஒரு வழி, சாயங்காலம் ஒரு வழி என்று வைத்துக்கொள்வதற்கு முன்னால், நவம்பரில் ஒரு நாள், இருட்டப் போகிற நேரம், குல்லாய் போட்ட ஓர் ஆள் ஓரமாக நின்று கையை உயர்த்தினார். நான் மிதித்தேன். பின்னால் ஓடி வருகிற சத்தம். இன்னும் மிதித்தேன். "தம்பி! தம்பி, நில்லும்! உங்கட பை திறந்து கிடக்கு, சாப்பாட்டுப் பெட்டி விழுந்திட்டுது!" என்று யாழ்ப்பாணத் தமிழ். திரும்பிப் பார்த்தால் அறுபது வயதுக்காரர், ஒரு கையில் என் டிபன் பாக்ஸ், இன்னொரு கை இடுப்பில், மூச்சு வாங்குகிறது. மேனர் பார்க் முருகன் கோயிலில் பார்த்த முகம். வேறு வழியில்லாமல் தள்ளிக்கொண்டே அவரோடு அவர் வீடு வரை நடந்தேன். ஊர் எது, என்ன வேலை, என்ன சம்பளம், கல்யாணம் எப்போது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நல்ல சைக்கிள் மாமா, சாதாரணமானது இல்லை. 1999-லிருந்து இங்கே ஒரு அரசாங்கத் திட்டம். ஆபீஸ் வாங்கித் தந்து, வரி பிடிப்பதற்கு முன்னாலேயே சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளும். அதில் எடுத்தது. ஒரு விரலால் தூக்கலாம். ஆனால் அதை யாரிடமும் காட்டிக்கொள்ள முடியாது. 2021-ல் ரிச்மண்ட் பார்க்கில் ஒரு தொழில்முறை வீரரை, மோட்டார் சைக்கிளில் வந்த நாலு பேர் வெட்டுக்கத்தியைக் காட்டிக் கீழே தள்ளி, ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதனால் வந்த முதல் வாரமே கம்பெனிப் பெயர் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். நாலு இடத்தில் கோணல்மாணலாகப் பழைய ஸ்டிக்கர். கழுவுவதே இல்லை. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் மையை அப்புகிற மாதிரிதான். சீட் விஷயத்தில் மட்டும் கண்ணேறு பட்டுவிட்டது.

அக்கா, பெங்களூர் வழியாக வருகிற பையனிடம் மாங்காய்ப் பூட்டு கொடுத்து அனுப்பப் போகிறீர்கள் என்றாள். வேண்டாம் மாமா. தரச் சான்று இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அந்தப் பையனின் பெட்டி எடையையும் அதுவே தின்றுவிடும். அதற்குப் பதில் ஒன்று அனுப்புங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் கடையில் ரெக்சின் சீட் கவர் தொங்குமே, சிவப்பில் பச்சைப் பூப்போட்டு, சுற்றிலும் மஞ்சள் குஞ்சம் வைத்தது. புதுசாக மாட்டியிருக்கிற சீட்டுக்கு அது வேண்டும். முடிந்தால் பின்பக்கம் 'அபிராமி துணை' என்று பெயின்ட்டில் எழுதி வாங்குங்கள். பார்க்கிற எவனும் கை வைக்கமாட்டான். வைத்தாலும் லண்டனில் எந்த மூலைக்குப் போனாலும் நான் அடையாளம் கண்டுவிடுவேன். கடைக்காரரிடம் பில் மறக்காமல் கேளுங்கள். கையால் எழுதினதானாலும் பரவாயில்லை, தேதியும் முத்திரையும் இருக்கட்டும். இவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்
முருகேசன்